யாருடைய கொடி? யாருடைய கட்டளை?



சென்ற ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படி இறங்கும்போது, பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என் கையைப் பிடித்துக் கொண்டார். "ஹஜ்ரத், காஸாவுக்கு சர்வதேசப் படை அனுப்பப் போறாங்கன்னு பேசுறாங்களே, அமைதிப்படைன்னா நல்லதுதானே? நம்ம நாடும் சேர்ந்தா என்ன தப்பு?" என்று கேட்டார். பக்கத்தில் செருப்பு மாட்டிக் கொண்டிருந்த ஜவுளிக்கடைப் பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அமைதிப்படையா? தம்பிக்கு வயசு பத்தாது" என்று சொல்லிவிட்டு நடந்து விட்டார்.

அந்தத் தம்பியின் கேள்வியில் குற்றமில்லை. பெரியவரின் பெருமூச்சிலும் காரணமில்லாமல் இல்லை. இரண்டுக்கும் இடையில் கிடக்கும் வரலாற்றை எடுத்துச் சொல்வது இந்த ஏட்டின் கடமை என்று நினைக்கிறேன்.

முதலில் காஸா விஷயத்தைப் பார்த்து விடுவோம். 2025 நவம்பர் 17ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 2803ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 13 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கிக் கொண்டன. 'அமைதி வாரியம்' என்ற ஒன்றுக்கும், அதன் கீழ் ஒரு சர்வதேச நிலைப்படுத்தும் படைக்கும் அந்தத் தீர்மானம் அனுமதி வழங்கியது. அந்த வாரியத்தின் தலைவர் யார் தெரியுமா? அமெரிக்க அதிபர் டிரம்ப்! இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த கை எதுவோ, அதே கையில்தான் அமைதிக்கான சாவியும் கொடுக்கப்பட்டது. இந்தப் படை நாம் அறிந்த நீலத்தொப்பிப் படை அல்ல. ஐ.நா. பொதுச் செயலாளரின் நிர்வாகத்தில் இயங்குவதும் அல்ல. எகிப்துடனும் இஸ்ரேலுடனும் கலந்து பேசிச் செயல்பட வேண்டும் என்று எழுதப்பட்ட படை. காஸா மக்களின் ஒப்புதலை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதற்கு அதில் ஒரு வழியும் சொல்லப்படவில்லை.

இதில் எந்த நாடு சேர்ந்தது, எது மறுத்தது என்ற கணக்கை நாளிதழ்களில் பார்த்துக் கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. இதேபோன்ற ஒரு அழைப்பு நம் நாட்டின் வாசலுக்கே ஒருமுறை வந்தது. அந்தக் கதை இன்றைய இளைஞர்களில் பலருக்குத் தெரியாது.

2003ஆம் ஆண்டு. மார்ச் 20ஆம் தேதி அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது படையெடுத்தன. பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். (அப்படி எதுவும் அங்கு இல்லை என்று அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கை கொடுத்தது. அதற்குள் நாடு சுடுகாடாகி விட்டது.) ஏப்ரல் 8ஆம் தேதி நமது மக்களவை ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியில் 'நிந்தா' என்ற கடுமையான சொல் போடப்பட்டது. ஆங்கிலத்தில் அதைக் கொஞ்சம் மென்மையாக்கி விட்டார்கள் என்பது வேறு விஷயம். மறுநாள் பாக்தாத் வீழ்ந்தது.

அப்போது நான் மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்த மாணவன். இமாம் அபூஹனீஃபாவின் அடக்கத்தலம் இருக்கும் ஊர், நாம் படித்த கிதாபுகளில் பக்கத்துக்குப் பக்கம் பெயர் வரும் ஊர், தொலைக்காட்சியில் புகையாகத் தெரிந்தது. எங்கள் உஸ்தாத் அன்று பாடம் நடத்தவில்லை.

படையெடுப்பு முடிந்த கையோடு வாஷிங்டனிலிருந்து டெல்லிக்கு ஓலை வந்தது. ஈராக்கில் 'நிலைப்படுத்தும் பணி'க்கு ஒரு டிவிஷன் படை வேண்டும், ஏறத்தாழ 17 ஆயிரம் வீரர்கள் வேண்டும் என்றார்கள். நாட்டின் வடபகுதியை இந்தியாவிடம் ஒப்படைப்பதாகப் பேச்சு. துணைப் பிரதமர் அத்வானி ஜூன் மாதம் அமெரிக்கா சென்றபோதும் இந்தப் பேச்சு எழுந்தது. அதே மாதத்தில் பெண்டகனிலிருந்து ஒரு குழுவே டெல்லிக்கு வந்து விளக்கம் கொடுத்தது.

சகோதரர்களே, அன்று 'போகலாம்' என்று சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். அமெரிக்காவின் நட்பு கிடைக்கும், பாதுகாப்புக் கவுன்சிலில் நிரந்தர இடம் கிடைக்கும், ஈராக்கை மறுபடி கட்டும் காண்டிராக்டுகள் நம் கம்பெனிகளுக்குக் கிடைக்கும் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நமது வணிகர்களிலும் சிலர் அதை நம்பினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. "சண்டை முடிஞ்சு போச்சு ஹஜ்ரத், இனிமே சிமெண்டும் கம்பியும்தான்" என்று ஒரு பாய் என் உஸ்தாதிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? முஸ்லிம்களிடமிருந்து மட்டும் வரவில்லை. அதுதான் நாம் குறித்து வைத்துக் கொள்ள வேண்டிய செய்தி. காங்கிரஸ் தலைவர் சோனியா காந்தி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இடதுசாரிகள் தெருவில் இறங்கினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எங்கள் பையன்கள் யாருடைய கட்டளைக்குக் கீழே நிற்பார்கள்? ஐ.நா.வின் கட்டளைக்கா, ஆக்கிரமித்தவனின் கட்டளைக்கா?

இந்தக் கேள்விக்குப் பதில் ஐ.நா.வின் காகிதத்திலேயே இருந்தது. 2003 மே 22ஆம் தேதியின் 1483ஆம் தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் 'ஆக்கிரமிப்பு சக்திகள்' என்றே குறிப்பிட்டது. ஆக, அங்கே போகும் நமது சிப்பாய் அமைதி காப்பவன் அல்ல. ஆக்கிரமிப்பாளனின் காவல்காரன்!

2003 ஜூலை 14ஆம் தேதி வாஜ்பாய் அரசின் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கூடி, படை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தது. வெளிப்படையான ஐ.நா. ஆணை இருந்தால் பரிசீலிக்கலாம் என்று ஒரு வாலையும் அதில் சேர்த்து வைத்தார்கள். குஜராத்தில் இரத்தம் காய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்த நேரம் அது. அந்த அரசின் மீது நமக்கிருந்த கோபத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவற வைக்கக் கூடாது என்பது நமக்கிடப்பட்ட கட்டளை. அந்த ஒரு முடிவு சரியான முடிவு. அதை எடுத்தவர்கள் யார் என்பதால் அது தப்பாகி விடாது.

நல்லவர்கள் என்று நாம் நினைப்பவர்களும் வழுக்குவார்கள் என்பதற்கு அடுத்த ஆண்டே சாட்சி வந்தது. 2004இல் ஆட்சி மாறியது. ஜூன் மாதம் வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் வாஷிங்டன் போன இடத்தில், புதிய ஐ.நா. தீர்மானம் வந்திருப்பதால் படை விஷயத்தை மறுபடி பார்க்கலாம் என்ற தொனியில் பேசினார். இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. அதன் பிறகுதான் அப்படி ஒன்றும் இல்லை என்று அரசு பின்வாங்கியது. எந்தக் கட்சி ஆண்டாலும் காவல் இருக்க வேண்டியது மக்கள்தான்.

போன நாடுகளின் கதி என்ன ஆயிற்று? இத்தாலி 'அமைதிப் பணி' என்று சொல்லித்தான் தன் மக்களைச் சமாதானப்படுத்தியது. 2003 நவம்பர் 12ஆம் தேதி நாஸிரிய்யாவில் நடந்த குண்டுவெடிப்பில் 19 இத்தாலியர்கள் இறந்தார்கள். ஸ்பெயின் நாட்டு மக்கள் லட்சக்கணக்கில் திரண்டு வேண்டாம் என்றார்கள். பிரதமர் அஸ்னார் கேட்கவில்லை, 1,300 வீரர்களை அனுப்பினார். 2004 மார்ச் 11ஆம் தேதி மாட்ரிட் ரயில்களில் குண்டு வைத்து 190க்கும் மேற்பட்ட அப்பாவிகளைக் கொன்றார்கள். கொன்றவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பாவத்துக்கும் மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். அடுத்த தேர்தலில் வந்த சபத்தேரோ அரசு படையைத் திருப்பி அழைத்துக் கொண்டது.

துருக்கியின் கதை சுவையானது. நேட்டோவில் உறுப்பு நாடு, அமெரிக்காவின் பழைய கூட்டாளி. துருக்கி மண்ணில் இறங்கி வடக்கிலிருந்து ஈராக்கைத் தாக்க அமெரிக்கப் படைக்கு அனுமதி கேட்டார்கள். கோடிக்கணக்கான டாலர் உதவி ஆசை காட்டப்பட்டது. ஆளும் கட்சிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை. 2003 மார்ச் 1ஆம் தேதி வாக்கெடுப்பு. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவுதானே அதிகம் என்பீர்கள். வந்திருந்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது அவர்கள் விதி. மூன்று ஓட்டில் தோற்றது தீர்மானம்! அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 92ஆவது பிரிவு, படை அனுப்பவும் அந்நியப் படையை உள்ளே விடவும் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த ஒரு பிரிவு ஒரு போர்முனையையே மூடியது.

நமது அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டா? இல்லை. இங்கேதான் ஜவுளிக்கடைப் பெரியவரின் பெருமூச்சுக்கு வருகிறோம்.

1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். உடனே இந்திய அமைதி காக்கும் படை இலங்கையில் இறங்கியது. முன்கூட்டிப் பாராளுமன்றத்தைக் கேட்கவில்லை. ஆயுதங்களை வாங்கி வைத்து அமைதியை நிலைநாட்டப் போன படை, அக்டோபர் மாதமே போரிடும் படையாகி விட்டது. அம்மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நமது தரப்பில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம். கடைசியில் கொழும்பில் பதவிக்கு வந்த பிரேமதாசாவே வெளியே போ என்றார். 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசி அணி கப்பலேறியது. திரும்பி வந்த படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அமைதிப்படை என்ற சொல்லைக் கேட்டால் தமிழ்நாட்டில் ஐம்பது வயது தாண்டியவர்களின் முகம் மாறுவது இதனால்தான்.

ஈராக் விஷயத்திலோ இன்னும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் அந்த மண்ணுக்கு வெள்ளைக்காரன் கூட்டிச் சென்றது இந்தியச் சிப்பாய்களைத்தான். 1916 ஏப்ரல் 29ஆம் தேதி கூத் நகரில் துருக்கியரிடம் சரணடைந்த ஏறத்தாழ 13 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் நம்மவர்கள். அடுத்த ஆண்டு பாக்தாதில் நுழைந்த ஜெனரல் மாட், நாங்கள் வெற்றி கொள்ள வரவில்லை, விடுவிக்க வந்திருக்கிறோம் என்று அறிவிப்பு ஒட்டினான். 2003இல் கேட்ட வசனம் மாதிரி இல்லையா? 1920இல் ஈராக் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அதை நசுக்கவும் இந்தியாவிலிருந்தே படை கப்பலேறியது.

இதைப் பார்த்துத்தான் 1921 ஜூலையில் கராச்சியில் கூடிய கிலாஃபத் மாநாடு, ஆங்கிலேயனின் படையில் வேலை செய்வது முஸ்லிமுக்கு ஹராம் என்று தீர்மானம் போட்டது. மௌலானா முஹம்மது அலி, ஷௌகத் அலி, மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ ஆகியோர் குற்றவாளிக் கூண்டில் நின்று இரண்டாண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். அவர்களோடு ஒரு சங்கராச்சாரியாரும் அதே கூண்டில் நின்றார் என்பதை இன்றைய நண்பர்களுக்குச் சொல்லுங்கள்! காந்தியடிகளோடு பயணம் வந்த முஹம்மது அலி வால்டேர் ரயில் நிலையத்தில் கைதானார். காந்தி அங்கிருந்து தமிழகத்துக்கு வந்து, திருச்சியில் மேடையேறி, எந்தப் பேச்சுக்காக அலி சகோதரர்கள் கைதானார்களோ அதையே திருப்பிச் சொன்னார். முடிந்தால் என்னையும் பிடி என்பதுதான் அதற்குப் பொருள்.

ஆகவே இந்தியச் சிப்பாயை அந்நியனின் ஆதிக்கத்துக்கு ஈராக்கில் கொண்டு நிறுத்தாதே என்ற குரல் 2003இல் புதிதாகப் பிறந்ததல்ல. அப்போது அதற்கு வயது எண்பது தாண்டியிருந்தது.

அப்படியானால் எந்தப் படையும் எங்கும் போகக் கூடாதா, ஊரெல்லாம் எரிந்தாலும் கதவைச் சாத்திக் கொண்டு இருப்பதா என்று அந்தச் செல்போன் கடைத் தம்பி கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன், இளம் வயதில், மக்காவில் ஒரு கூட்டணியில் கலந்து கொண்டார்கள். ஏமன் நாட்டு வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிக் கொண்டு மக்காவின் பெரும் புள்ளி ஒருவன் பணம் தராமல் ஏமாற்றினான். கேட்க நாதியில்லை. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சில குலத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவன் யாராக இருந்தாலும் அவன் பக்கம் நிற்போம் என்று உறுதி எடுத்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்த நபியவர்கள், இன்றும் அப்படி ஒன்றுக்கு அழைத்தால் வருவேன் என்ற கருத்தில் கூறினார்கள். வணிகப் பெருமக்களே, அந்தக் கூட்டணி கூடியது பாதிக்கப்பட்ட வியாபாரிக்காக. ஏமாற்றியவனைத் தலைவனாக வைத்துக் கொண்டு அது கூடவில்லை.

நம் நாட்டுக்கும் நல்ல முன்மாதிரி உண்டு. அதுவும் அதே காஸாவில்! 1956இல் சூயஸ் போருக்குப் பின் ஐ.நா. அவசரப் படை அங்கே சென்றபோது இந்திய வீரர்கள் அதில் இடம் பெற்றார்கள். 1967 வரை இருந்தார்கள். ஜெனரல் கியானி, ஜெனரல் ரிக்யே என்ற இரு இந்தியத் தளபதிகள் அந்தப் படைக்கே தலைமை தாங்கினார்கள். எகிப்து சம்மதித்தது, போனார்கள். 1967 மே மாதம் எகிப்து போகச் சொன்னது, கிளம்பினார்கள். கிளம்புவதற்குள் போர் வெடித்து, இஸ்ரேலியத் தாக்குதலில் நமது வீரர்கள் சிலர் அங்கேயே உயிர் விட்டார்கள். இன்றுவரை ஐ.நா. பணிகளில் 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றியிருக்கிறார்கள், ஏறத்தாழ 180 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அரசு சொல்கிறது. அவர்களைப் பற்றி எந்த முஸ்லிமும் ஒரு குறை சொன்னதில்லை.

ஆனால் ஐ.நா. முத்திரை இருந்தாலே போதும் என்று ஏமாந்து விடவும் கூடாது. 2003 ஜூலையில் டெல்லி சேர்த்து வைத்த வாலை நினைவிருக்கிறதா? அக்டோபர் 16ஆம் தேதி 1511ஆம் தீர்மானத்தின் மூலம் அந்த முத்திரையும் குத்தப்பட்டது. பன்னாட்டுப் படை என்று பெயர். கட்டளை மட்டும் அமெரிக்கத் தளபதியிடம்! இந்தியா அப்போதும் போகவில்லை. முத்திரையைப் பார்த்தால் போதாது, கடிவாளம் யார் கையில் என்று பார்க்க வேண்டும் என்பது அந்த அக்டோபரில் விளங்கியது. 2803ஐப் படிக்கும்போது எனக்கு 1511தான் நினைவுக்கு வருகிறது.

காண்டிராக்ட் ஆசைக்கும் பதில் சொல்லி விடுகிறேன். 2003 டிசம்பரில் பெண்டகன் ஒரு உத்தரவு போட்டது. 1,860 கோடி டாலர் மறுகட்டமைப்பு வேலைகளுக்குக் கூட்டணியில் சேராத நாடுகள் நேரடியாக டெண்டர் போட முடியாது என்றது. பட்டியலில் 63 நாடுகள் இருந்தன, இந்தியா இல்லை. ஆக, இழப்பு உண்மைதான். கொள்கைக்கு விலை கிடையாது என்று சொல்பவன் கடை வைத்துப் பார்க்காதவன். ஆனால் அந்த லாபத்தின் மறுபக்கத்தில் எத்தனை ஜனாஸாக்கள் என்பதையும் கணக்கில் எழுதுங்கள். வளைகுடாவில் வேலை செய்யும் நமது பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்த காலம் அது. 2004 ஜூலையில் குவைத் கம்பெனியில் வேலை செய்த மூன்று இந்திய லாரி ஓட்டுநர்கள் ஈராக்கில் கடத்தப்பட்டார்கள். மூவரும் முஸ்லிம்கள் அல்லர். அவர்களை மீட்கும் குழுவுக்குத் தலைமை வகித்தவர் முஸ்லிம் லீகைச் சேர்ந்த வெளியுறவு இணை அமைச்சர் ஈ. அஹமது சாஹிப். நம் நாட்டு மக்களும் ஈராக் மக்களும் நண்பர்கள், எங்கள் படை உங்கள் மண்ணில் இல்லை என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி மூவரும் உயிரோடு விடுதலையானார்கள். அதே வாரத்தில் 12 நேபாளத் தொழிலாளிகளைக் கொடியவர்கள் கொன்று போட்டார்கள். நேபாளமும் படை அனுப்பாத நாடுதான். எனவே படை அனுப்பாததே உயிர்க் காப்பு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நமது 17 ஆயிரம் பேர் துப்பாக்கியோடு அங்கே நின்றிருந்தால் அஹமது சாஹிப் என்ன முகத்தோடு பேசியிருப்பார்?

இனிச் செய்ய வேண்டியது. அயர்லாந்து என்ற சிறிய நாட்டில் 'மூன்று பூட்டு' என்று ஒரு ஏற்பாடு செய்து வைத்தார்கள். 12 வீரர்களுக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் ஐ.நா. ஆணை, அரசின் முடிவு, பாராளுமன்றத்தின் ஒப்புதல் மூன்றும் வேண்டும். 1999இல் நேட்டோவின் 'அமைதிக்கான கூட்டுறவு' அமைப்பில் அந்நாடு சேர்ந்தபோது, எதிர்க்கட்சியாக இருந்தபோது பொதுவாக்கெடுப்பு வைப்போம் என்று சொன்ன கட்சியே ஆட்சிக்கு வந்து வாக்கெடுப்பில்லாமல் சேர்த்து விட்டது. 2025இல் ஐ.நா. பூட்டை மட்டும் கழற்றி விட அரசு மசோதா வரைவு கொண்டு வந்தபோது அந்நாட்டு மக்கள் மறுபடி வீதிக்கு வந்தார்கள். பூட்டு இருக்கும் வீட்டுக்காரனே இவ்வளவு விழிப்பாக இருக்கிறான். நம் வீட்டில் பூட்டே கிடையாது. 140 கோடி மக்களின் நாட்டில், அமைச்சரவைக் குழுவில் அமர்ந்திருக்கும் நான்கைந்து பேர் நினைத்தால் படை கப்பலேறலாம். 2003இல் அவர்கள் மறுத்தார்கள், அல்ஹம்து லில்லாஹ். 1987இல் மறுக்கவில்லை.

வெளிநாட்டுக்குப் படை அனுப்பும் முன் பாராளுமன்றத்தின் இரு அவைகளின் ஒப்புதல் கட்டாயம் என்று ஒரு சட்டம் வேண்டும். இதை முஸ்லிம் கோரிக்கையாக மட்டும் வைக்காதீர்கள். உங்கள் ஊர் வணிகர் சங்கத்தில் பேசுங்கள். முன்னாள் இராணுவத்தினர் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், இலங்கைக்குப் போய் வந்தவர்களும் இருக்கலாம். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள், அவர்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். கிளை நிர்வாகிகள் தத்தம் தொகுதி பாராளுமன்ற உறுப்பினரை நேரில் சந்தித்து, இப்படி ஒரு மசோதா வந்தால் ஆதரிப்பீர்களா என்று எழுத்து மூலம் பதில் வாங்க வேண்டும். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பதில் கொடுக்காமல் அனுப்பினாலும், அதை அப்படியே எழுதி இந்த ஏட்டுக்கு அனுப்புங்கள். கட்சி பார்க்காமல் தொகுதிவாரியாக வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

செல்போன் கடைத் தம்பியிடம் முதல் மனுத்தாளைக் கொடுத்து விட்டேன். ஜவுளிக்கடைப் பெரியவரிடம் அதை எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.